பாய்ப்படகில் குடியிருந்தபடி திருமலை: குடாக்களும் கரையூர்களும் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

திருகோணமலையில் (சுருக்கமாகத் திருமலை) எந்தக் குடாவில் படகை நிறுத்துவது, எந்த மாதம் எந்த ஊருக்குப் போவது என்பதைக் காற்றுதான் முடிவு செய்கிறது. இங்கே ஒரு நீர்ப்பரப்பு அல்ல, நான்கு இருக்கின்றன. சிலவற்றுக்கு வாடைக்காலத்தில், அதாவது வடகிழக்குக் காற்று வீசும் மாதங்களில், படகோடு போவது மடத்தனம். இன்னொன்றில் வருடம் முழுக்கக் கிடக்கலாம். ஆகவே காற்றிலிருந்து தொடங்குவோம்.

நான்கு நீர், இரண்டு காற்று

உட்துறைமுகத்தின் வாய் தெற்கு நோக்கியது. சுற்றிலும் மேடு, உள்ளே பெரிய கப்பலுக்கும் குறையாத ஆழம். எந்தத் திசைக் காற்றுக்கும் இதற்குள் ஒதுங்க ஏதாவது ஒரு மூலை கிடைக்கும். சோழமண்டலக் கரையில் ஐப்பசி, கார்த்திகைப் புயலுக்கு ஒதுங்க இப்படி ஓர் இடம் இல்லை. பாய்க்கப்பல் காலத்தில் போர்த்துக்கேயர் முதல் ஆங்கிலேயர் வரை இந்தத் துறைக்காக அடிபட்டதற்குக் காரணம் அதுதான். 1782 ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுப்ரென் திருமலையைப் பிடித்தார். செப்டெம்பர் 3ஆம் திகதியே ஆங்கிலக் கப்பற்படையோடு எதிரே கடற்போர் நடந்தது.

அதற்குத் தெற்கே கொட்டியாரக் குடா, கிழக்கே கடலுக்குத் திறந்தபடி. அதன் தென்கரையில் மூதூர். மகாவலி விழுவதும் இங்கேதான். குடாவின் நடுவே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று கரைக்கு வெகு அருகில் வரை ஓடி வருகிறது. அதனால் ஆழமானி அடியே காட்டாத நீரிலிருந்து திடீரென்று மணல்மேட்டுக்கு வந்துவிட முடியும்.

கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலைக்குத் தெற்கே நகரை ஒட்டிய சின்னக் குடா டச் பே. வடக்கே உப்புவெளிப் பக்கமாக வளைவது கடல்வரைபடத்தில் பேக் பே. இரண்டும் கிழக்குக் கடலுக்கு மார்பைக் காட்டிக்கொண்டு நிற்பவை.

இனிக் காற்று. நவம்பர் கடைசி முதல் பெப்ரவரி வரை வாடை. வடகிழக்கிலிருந்து காற்றும் அலையும் சேர்ந்து வரும். இந்த மாதங்களில் டச் பேயும் பேக் பேயும் படகுக்கு ஆகாது, உட்துறைமுகம் மட்டும்தான். மே நடுவிலிருந்து செப்டெம்பர் வரை தீவின் மறுகரையில் சோழகம் மழையோடு அடிக்கும்போது, இந்தக் கரையில் அது மலைகளைத் தாண்டி வந்த வரண்ட கச்சானாக வீசும். கரையிலிருந்து கடலுக்கு வீசுவதால் அலை எழாது, கடல் தட்டையாகக் கிடக்கும். அதை நம்பி ஏமாறுபவர்கள் உண்டு. கச்சான் விட்டுவிட்டு அறையும் காற்று. நங்கூரம் இழுபட்டால் படகு போய்ச் சேருவது கரையில் அல்ல, வங்காள விரிகுடாவில்.

நடுவிலுள்ள மார்ச், ஏப்ரல் மாதங்கள்தான் ஊர் பார்க்க மிகச் சிறந்தவை. காலையில் கரைக்காற்று, பிற்பகலில் கடற்காற்று, ஏப்ரலில் சில மாலைகளில் இடி மின்னல். ஒக்டோபரும் பார்வைக்கு அமைதிதான். ஆனால் அதன் பின்னால் புயல்காலம் நிற்கிறது. 1964 டிசெம்பர்ப் புயலும் 1978 நவம்பரில் மட்டக்களப்பை அழித்த புயலும் இந்தக் கரையில் ஏறியவை. 2020 டிசெம்பர் 2ஆம் திகதி புரெவி திருமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரை கடந்தது.

உள்ளே வருதல்

வெளிநாட்டுப் படகு என்றால் கடதாசி வேலை படகு வர முன்னரே தொடங்கிவிடும். உள்ளூர்க் கப்பல் முகவர் ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். துறைமுக அதிகாரசபை, சுங்கம், குடிவரவு, சுகாதாரம், கடற்படை என்று ஐந்து இடங்களைத் தனியாளாகச் சுற்றுவதைவிட முகவர் கட்டணம் மலிவு. தொகையையும் அதில் என்னென்ன அடங்கும் என்பதையும் மின்னஞ்சலில் எழுத்தாக வாங்கிய பிறகு புறப்படுங்கள். படகின் பதிவுப் பத்திரம், கடைசித் துறைமுகத்தின் வெளியேற்றப் பத்திரம், ஆட்பட்டியல், கடவுச்சீட்டுப் பிரதிகள், மதுபானமும் மருந்தும் உட்படப் பொருட்பட்டியல் ஆகியவற்றில் ஒவ்வொன்றும் ஆறு பிரதியாவது இருக்கட்டும். படகுக்கென்று ஒரு ரப்பர் முத்திரை செய்து வைத்திருந்தால் வேலை பாதி நேரத்தில் முடியும். விசாவுக்கு இணையவழிப் பயண அனுமதியைக் கடலுக்குப் போக முன்னரே எடுத்துவிடுங்கள். பௌர்ணமிப் போயா நாள் அரச விடுமுறை. அன்றும் வார இறுதியிலும் வந்து சேராதபடி புறப்படும் நாளைக் கணக்குப் பண்ணுங்கள்.

இரவில் நுழையாதீர்கள். வெளிச்சவீடுகள் உண்டு, கப்பல் வரும் வாய்க்காலும் ஆழம்தான், சிக்கல் வலைகளில். கரையிலிருந்து பல மைல் தூரம் வரை மிதப்பு வலைகள் கிடக்கும். அவற்றின் முனையில் ஒரு சின்ன ரோர்ச் விளக்கு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஒரு மீன்பிடி வள்ளம் உங்கள் முன்னால் வந்து கையை ஆட்டி ஒரு பக்கமாகக் காட்டினால் அது வணக்கம் அல்ல. வலையின் முனை அந்தப் பக்கம் இருக்கிறது, சுற்றிப் போ என்று சொல்கிறார். வலையின் மேல் போயே ஆகவேண்டிய நிலை வந்தால் எஞ்சினை நியூட்ரலுக்குப் போட்டு, ஓட்டத்திலேயே மிதந்து கடந்துவிடுங்கள். சுற்றிக்கொண்ட நைலோனை அறுக்கப் பல்லுள்ள கத்தி ஒன்று ஏணியடியில் எப்போதும் தொங்கட்டும். வழுவழுப்பான கத்தி அந்த நூலில் வழுக்கும்.

வடக்கிலிருந்து வந்தாலும் கிழக்கிலிருந்து வந்தாலும் முதலில் கண்ணுக்குப் படுவது சுவாமி மலையும் அதன் உச்சியிலுள்ள கோணேசர் கோயிலும். அந்தப் பாறையைக் கடந்து தெற்கே வந்து, ஒஸ்டன்பேர்க் முனையைச் சுற்றித்தான் உட்துறைமுக வாய்க்குத் திரும்ப வேண்டும். முனையை ஒட்டிக் குறுக்கு வழி பிடிக்காதீர்கள், வரைபடத்திலுள்ள வாய்க்காலிலேயே வாருங்கள். இலங்கையில் மிதவை முறை ஏ வலயம்: உள்ளே வரும்போது சிவப்பு இடப்பக்கம், பச்சை வலப்பக்கம். அமெரிக்கக் கரையில் பழகியவருக்கு இது நேர் எதிர். மஞ்சள் கொடியை ஏற்றி, விஎச்எப் வானொலியின் 16ஆம் சனலில் துறைமுகக் கட்டுப்பாட்டை அழைத்து, அவர்கள் சொல்லும் இடத்தில் காத்திருங்கள். அதிகாரிகள் ஏறி இறங்கும்வரை யாரும் கரைக்குப் போகக்கூடாது. அவர்களின் படகு வந்து அணைய இரண்டு பக்கமும் இடி தாங்கும் பருத்த பெண்டர்கள் தொங்கட்டும். வருவது பெரும்பாலும் ரயர் கட்டிய இரும்புப் படகு.

கிழக்குக் கடற்படைத் தலைமையகம் இந்தத் துறைக்குள்தான் இருக்கிறது. தடைப்பகுதிகள் எவை என்று முதல் நாளே கேட்டு வரைபடத்தில் பென்சிலால் கீறிக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் கமரா வேண்டாம். டிரோனைப் பெட்டியை விட்டே எடுக்க வேண்டாம். நங்கூர இடத்தை மாற்றுவதானாலும், ஒரு நாள் நிலாவெளிக்குப் போய் வருவதானாலும் முகவர் மூலம் சொல்லி அனுமதி வாங்கிய பிறகே படகு நகரவேண்டும்.

நங்கூரம்: இங்கே அவசரப்பட வேண்டாம்

பாய்ப்படகுகள் வழமையாக நிற்பது நகருக்குப் பக்கத்திலுள்ள குடாவில், கரைக்குப் போய்வரும் சின்னப் படகான டிங்கியில் சில நிமிடத்தில் கரை. அடி பெரும்பாலும் சேறு. சேறு நன்றாகப் பிடிக்கும், ஆனால் நங்கூரம் ஊறி இறங்க நேரம் கேட்கும்.

சங்கிலி எவ்வளவு விடுவது என்று ஓர் உதாரணக் கணக்குப் பார்ப்போம். நீர்மட்டத்திலிருந்து கடலடி 9 மீற்றர். ஆழமானி கீலுக்கு (படகின் அடியில் நீட்டி நிற்கும் பகுதிக்கு) கீழே உள்ளதை மட்டும் காட்டும்படி வைத்திருந்தால் கீலின் ஆழத்தையும் கூட்டுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். நீர்மேல் அணியத்தின் (படகின் முன்முனையின்) உயரம் 1.2 மீற்றர். வற்றுப்பெருக்கு இங்கே மிகச் சிறியது, பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி வரும் உவாப் பெருக்கிலும் 0.7 மீற்றர் அளவுதான். அதையும் சேர்த்தால் மொத்தம் 10.9. சாதாரண நாளுக்கு ஐந்து மடங்கு, அதாவது 55 மீற்றர் சங்கிலி. கச்சான் அறையும் ஜூன், ஜூலையில் ஏழு மடங்கு, 76 மீற்றர். சங்கிலி 55 மீற்றர், படகு 11 மீற்றர் என்றால் நீங்கள் சுழலும் வட்டத்தின் ஆரை ஏறக்குறைய 65 மீற்றர். அந்த வட்டத்துக்குள் வேறு படகோ மிதவையோ இருக்கக் கூடாது.

படகை முற்றாக நிறுத்தி நங்கூரத்தை இறக்குங்கள். அடி தொட்டதும் காற்றோடு மெல்லப் பின்வாங்கியபடி சங்கிலியை நீட்டுங்கள். ஒரே குவியலாகக் கொட்டினால் சங்கிலியே நங்கூரத்தைச் சுற்றிக்கொள்ளும். முழுதும் விட்ட பிறகு பத்து நிமிடம் சும்மா இருங்கள், தேத்தண்ணி குடிக்கலாம். சேற்றில் நங்கூரம் தன் பாரத்தால் இறங்க அந்த நேரம் வேண்டும். பிறகு ரிவேர்ஸில் குறைந்த வேகத்தில் தொடங்கி, சிறுகச் சிறுக நிமிடத்துக்கு 1,800 சுற்று அளவுக்கு ஏற்றி ஒரு நிமிடம் பிடியுங்கள். கரையிலுள்ள இரண்டு பொருட்களை, ஒரு தென்னையும் அதன் பின்னாலுள்ள கூரைமுனையும் போல, ஒரே கோட்டில் வைத்துப் பாருங்கள். அவை விலகாவிட்டால் பிடித்துவிட்டது. சங்கிலி விட்டுவிட்டுத் துள்ளினால் இழுபடுகிறது. தூக்கி மறுபடி போடுங்கள். பொலித்தீன் பையோ பழைய வலையோ முனையில் கோர்த்து வந்திருக்கும்.

சங்கிலியில் 12 மில்லிமீற்றர் முறுக்கு நைலோன் கயிற்றை 8 முதல் 10 மீற்றர் நீளத்துக்குப் பூட்டி, பாரத்தை அந்தக் கயிறு தாங்கும்படி விடுங்கள். சங்கிலி வின்ச்சில் நேராகப் பாரம் விழுந்தால் அதன் பல்லும் அச்சும் ஒரே பருவத்தில் கெட்டுவிடும்.

பழைய துறைமுகம் என்பதால் அடியில் கைவிட்ட சங்கிலியும் கம்பியும் கிடக்கலாம். நங்கூரத்தின் தலையில் ஆழத்தைவிட இரண்டு மீற்றர் கூடுதலான மெல்லிய கயிறும் ஒரு மிதப்பும் கட்டினால் சிக்கியதைத் தலைகீழாகக் கழற்றி எடுக்கலாம். மீன்பிடி வள்ளங்கள் ஓடும் பாதையில் மட்டும் அந்த மிதப்பைப் போடாதீர்கள்; யாருடைய எஞ்சின் காற்றாடியிலாவது சுற்றும், சண்டை உங்களோடுதான்.

புயல் எச்சரிக்கை வந்தால் திறந்த குடாவை விட்டு உட்துறைமுகத்தின் உள்மூலைக்கு நகர அனுமதி கேளுங்கள். முன்பாயை முற்றாகக் கழற்றி உள்ளே வையுங்கள்; சுருட்டிக் கட்டிய பாய் புயலில் பிரிந்துதான் படகுகள் இழுபடுகின்றன. நிழற்கூடாரம், சூரியத் தகடு, டிங்கி எல்லாம் மேலிருந்து இறங்க வேண்டும். இரண்டாவது நங்கூரத்தை முதலாவதிலிருந்து 45 பாகை விலக்கிப் போடுங்கள். புயலின் கண் கடந்தபின் காற்று எதிர்த் திசைக்கு மாறும். பின்னால் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்ப்பதோடு முன்னால் இருப்பதையும் பாருங்கள்.

குடாவில் குடித்தனம்

தண்ணீர்: உப்புநீரில் பாத்திரம் கழுவிக் கடைசியில் நன்னீரில் அலசினால் ஆளுக்கு நாளொன்றுக்கு 8 லீற்றர் போதும். இருவருக்கு 200 லீற்றர் தொட்டி 12 நாள். 20 லீற்றர் கான்களில் கரையிலிருந்து கொண்டுவரும் நீரைத் தொட்டியில் விட்டதும், 200 லீற்றருக்கு 5 வீதச் செறிவுள்ள வாசனையற்ற வெளிற்றும் திரவம் 8 மில்லிலீற்றர் விட்டு அரைமணி நேரம் பொறுங்கள்.

மின்சாரத்தைத் தின்பது குளிர்பெட்டிதான். இந்த வெப்பத்தில் அது நாளில் பன்னிரண்டு மணிநேரம் ஓடும். 4 அம்பியர் என்றால் 48 அம்பியர்-மணி. விளக்கு, தொலைபேசி, மின்விசிறி, வானொலி சேர்ந்து 75 வரும். 300 வாட் சூரியத் தகடு நல்ல வெயிலில் அதை ஈடுசெய்யும், மாரிமழையில் பாதிகூட வராது. ஈய-அமிலப் பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுளைத்தான் செலவழிக்கிறீர்கள்.

வெளிநாட்டுக் காஸ் சிலிண்டரின் வாய் இங்குள்ள குழாய்க்குப் பொருந்தாது. லிட்ரோவின் 5 கிலோ அல்லது 2.3 கிலோ சிலிண்டரை அதன் ரெகுலேற்றரோடு வாங்கிவிடுவது தலையிடி இல்லாத வழி. அது அளவில் அடங்கும் பெட்டி, அடியில் வெளியே வடியும் துளையோடு இருக்கவேண்டும். இந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் படகின் அடிவயிற்றில் போய்த் தங்கும்.

டீசலைக் கான்களில் வாங்கி ஒரு இரவு அசையாமல் வைத்து, நீர் பிரிக்கும் வடிகட்டிப் புனல் வழியாக ஊற்றுங்கள். கானின் கடைசி அரை லீற்றரை ஊற்றாதீர்கள். தொட்டி எப்போதும் நிரம்பியிருக்கட்டும். வெற்றிடத்தில் வியர்க்கும் நீரில்தான் டீசலைக் கெடுக்கும் கிருமியும் பூஞ்சையும் வளரும்.

வெதுவெதுப்பான துறைமுக நீரில் இரண்டு கிழமை அசையாமல் கிடந்தால் காற்றாடியில் கொட்டலசு என்ற ஒட்டுயிர் பிடித்துவிடும். எஞ்சின் சுற்றும், படகு நகராது. பத்து நாளுக்கொரு முறை முகமூடியோடு இறங்கிச் சுரண்டுங்கள். இறங்க முன் சாவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போடுங்கள். எஞ்சினைத் தொடக்கியதும் புகைக்குழாயில் நீர் கொப்பளிக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உடனே நிறுத்தி முதலில் கடல்நீர் வடிகட்டியை, அடுத்து நீரை இறைக்கும் ரப்பர்ச் சக்கரமான இம்பெல்லரைப் பாருங்கள். ஒரு பொலித்தீன் பை இரண்டையும் முடிக்கும்.

இன்னொன்று: டிங்கியில் தேங்கும் மழைநீர். டெங்கு நுளம்புக்கு அதைவிட நல்ல தொட்டில் கிடையாது. இரண்டு நாளுக்கொரு தடவை கவிழ்த்துவிடுங்கள், பாய்உறையின் மடிப்புகளையும் உதறுங்கள்.

கரையேறி நகருக்குள்

டிங்கியைக் கட்டும் இடத்தையும் வாசலில் காட்டவேண்டிய அனுமதிச் சீட்டையும் முகவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டின் பிரதி போதும், மூலத்தைப் படகிலேயே பூட்டி வையுங்கள். இருட்டும் முன் திரும்பும் எண்ணம் இருந்தாலும் ஒரு வெள்ளை ரோர்ச் கையில் இருக்கட்டும்.

மீன், மரக்கறிச் சந்தைக்குக் காலை ஏழு மணிக்குள் போங்கள். அறக்குளாவும் பாரையும் ஒன்பது மணிக்குப் பிறகு வெயில் கண்டவையாக இருக்கும். செவுள் சிவப்பையும் கண்ணின் பளபளப்பையும் பார்த்து வாங்கி, அங்கேயே துண்டு போட்டுத் தரச் சொல்லுங்கள். கழிவைக் குடாவில் கொட்டி மணக்கவிடத் தேவையில்லை.

கோணேசர் கோயிலுக்குப் பிரடெரிக் கோட்டையின் வாசலுக்குள்ளால் நடந்துதான் ஏறவேண்டும். இராணுவ முகாம் உள்ளே இருப்பதால் படம் எடுக்க முன் பலகையைப் பாருங்கள். பழைய கோயிலை 1622இல் போர்த்துக்கேயர் இடித்தார்கள், அதன் கற்கள் கோட்டைக்குப் போயின. சம்பந்தர் 'கோணமாமலை அமர்ந்தாரே' என்று பாடிய இடம் இது. மாலைப் பூசைக்கு ஏறினால் இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவுக்கு மேலே நின்று, மறுநாள் போகவேண்டிய கடலையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். வடக்கே நிலாவெளி வரை அலை உடையும் இடங்கள் தெரியும். வழியில் மான்கள் பையை மோந்துகொண்டு வரும். பொலித்தீனையும் சேர்த்துத் தின்னும் என்பதால் எதுவும் கொடுக்காதீர்கள்.

உப்புத் தோலோடு பல நாள் இருந்தவருக்கு நல்ல இடம் கன்னியா. அனுராதபுர வீதியில் ஓட்டோவில் போகும் தூரம், ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. வாளியால் அள்ளி ஊற்றிக் குளிக்கலாம்.

குடாவைச் சுற்றி

கிண்ணியாவுக்கும் தம்பலகாமத்துக்கும் படகில் போக நினைக்காதீர்கள். 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தபின் தோணித்துறைக் காலம் முடிந்தது. பாலத்துக்கு அப்பாலுள்ள தம்பலகாமக் களப்பு ஆழமற்றது, பாய்மரமும் பாலத்தடியில் நுழையாது. பஸ்ஸில் போங்கள். தம்பலகாமத்தில் வயலுக்கு நடுவே ஆதிகோணநாயகர் கோயில். கிண்ணியாவில் எருமைத் தயிர். வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்மாவுக்காகக் கிண்ணியாவிலும் மூதூரிலும் கடைகள் பூட்டியிருக்கும்.

மூதூர் நீர்வழியே 7, 8 கடல் மைல். மார்ச் முதல் செப்டெம்பர் வரை, காலையில் போய்ப் பிற்பகல் காற்றெழ முன் திரும்பும் பயணமாக வைத்துக்கொள்ளுங்கள். மகாவலி கொண்டுவரும் மணல் ஒவ்வொரு மாரிக்கும் இடம் மாறும். வரைபடத்தின் ஆழத்தை அந்தக் கரையில் நம்பக்கூடாது. நீரும் கலங்கல், கண்ணால் அடி பார்க்க முடியாது. ஆழமானியில் 5 மீற்றர் வந்ததும் வெளியே நங்கூரமிட்டு டிங்கியில் போங்கள். டிங்கி எரிபொருளுக்கு மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு.

பழுதோடு இங்கே ஒதுங்கிய ஒருவரின் கதி மூதூருக்குத் தெரியும். 1659இல் புயலில் பாய்மரம் முறிந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல் கொட்டியாரத்துக்கு வந்தது. அதிலிருந்த றொபேட் நொக்ஸ் 1660இல் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டு, ஏறக்குறைய இருபது வருடம் திரும்பவில்லை. பத்திரங்களைச் சரியாக வைத்திருங்கள்.

நிலாவெளிக்கு எதிரிலுள்ள புறாமலைத் தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. பவளப்பாறையில் நங்கூரம் போடக்கூடாது, வனசீவராசித் திணைக்களத்தில் நுழைவுச்சீட்டு எடுக்கவேண்டும். படகைத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டு, பஸ்ஸில் நிலாவெளி போய் உள்ளூர் வள்ளத்தில் ஏறுவதே நல்லது. மே முதல் செப்டெம்பர் வரை நீர் தெளிவு. காலை எட்டுக்கு முன் போனால் கூட்டத்துக்கு முன் கருமுனைச் சுறாக் குட்டிகளைப் பார்க்கலாம். பவளத்தில் நிற்காதீர்கள், வெறுங்காலோடும் போகாதீர்கள். கரையில் கரைவலை இழுபடும் நேரம் அதன் அரைவட்டத்துக்குள் டிங்கியோடு நுழைவது பெரிய குற்றம். இருபது முப்பது பேரின் அன்றைய கூலி அதற்குள் இருக்கிறது.

அடுத்த துறைக்கு

வடக்கே காங்கேசன்துறை ஏறக்குறைய 110 கடல் மைல். இடையில் முல்லைத்தீவு, ஆனால் அது திறந்த கரை, ஒதுங்கும் துறை அல்ல. நவம்பர் முதல் ஜனவரி வரை காற்றும் எதிர், தெற்கே ஓடும் நீரோட்டமும் எதிர், அந்த மாதங்களில் வடக்கே போகவே வேண்டாம். காங்கேசன்துறைக்கு மேற்கே நெடுந்தீவு, நயினாதீவுப் பக்கம் கடல் ஆழமற்றது. அந்தத் தீவுகளுக்குக் குறிகட்டுவானிலிருந்து பயணிகள் படகில் போவதே எளிது. தெற்கே காலி சுமார் 240 கடல் மைல். பெப்ரவரி, மார்ச்சில் வாடை தணியும்போது கிளம்பினால் காற்று முதுகுக்குப் பின்னால் இருக்கும். தென்கிழக்கு மூலையில் கிரேட் பாசஸ், லிட்டில் பாசஸ் பாறைத்தொடர்களுக்கு நன்றாக வெளியே வையுங்கள். கிழக்கே போர்ட் பிளேயர் 700 கடல் மைல். அந்தமானுக்கு இந்திய அனுமதி தனியாக வேண்டும்.

எந்தத் திசையானாலும் வெளியேற்றப் பத்திரத்தை இரண்டு வேலைநாளுக்கு முன் கேளுங்கள். புறப்படும் அன்று நங்கூரம் தூக்க ஒரு மணிநேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். பல கிழமை கிடந்த சங்கிலியில் கருஞ்சேறு ஒட்டிக்கொண்டு வரும், அதைக் கழுவாமல் பெட்டிக்குள் விட்டால் இரண்டாம் நாள் கடலில் அணியத்து அறையில் யாரும் படுக்க முடியாது. நீண்ட பிடியுள்ள தூரிகையும் வாளியும் போதும். ஒருவர் வின்ச்சை இயக்க, மற்றவர் இரண்டு மீற்றருக்கு ஒரு முறை நிறுத்தித் தேய்க்கட்டும்.